வேற்றுக்கிரக இனம் என்றால் கிரகம் முழுக்க ஒரே குணம்தானா? கதை எழுதுகிறேன், யோசனை சொல்லுங்கள்

வெண்ணாறு (நீடாமங்கலம்):

வணக்கம். அறிவியல் புனைகதையாக ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி தாண்டிவிட்டது. கதை நடப்பது பூமியில் இல்லை. ஒரு பெரிய ஆறு கடலை நெருங்கும்போது நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும் வண்டல் நிலம், அங்கே ஊவர் என்று ஓர் இனம். ஆண்டில் பாதி நாள் நிலமெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கும், மீதி நாள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தண்ணீர் இருக்கும்வரை ஊவர் கூட்டமாக நீந்தி, கூட்டமாகத் தின்று, கூட்டமாக முடிவெடுத்து வாழ்கிறார்கள். வடிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே சேற்றில் வளை தோண்டி, வயல் நண்டு மாதிரி அடுத்த வெள்ளம் வரை உள்ளேயே அடைந்துவிடுவார்கள். ஆற்றின் மேல்பக்கம் மேட்டார் என்று இன்னோர் இனம், அணை அவர்கள் கையில்.

இதுவரை எழுதியதில் ஊவர் எல்லாரும் அமைதியானவர்கள், இயற்கையோடு ஒன்றியவர்கள், ஞானிகள். மேட்டார் எல்லாரும் பேராசைக்காரர்கள். கதை ஓடுகிறது. ஆனால் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், 'இரண்டு இனம் இருக்கிறது, ஆனால் இரண்டே ஆட்கள்தான் இருக்கிற மாதிரி தோன்றுகிறது' என்றார். வெளிநாட்டுத் தொடர்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு கிரகத்தில் எல்லாரும் போர்வீரர்கள், பக்கத்துக் கிரகத்தில் எல்லாரும் வியாபாரிகள், அதற்கடுத்ததில் எல்லாரும் தர்க்கம் பேசுபவர்கள், ஒரே உடை, ஒரே மதம். இங்கே நீடாமங்கலத்தில் பஸ் ஏறி திருத்துறைப்பூண்டி போய் இறங்குவதற்குள் பேச்சே மாறிவிடுகிறது, ஒரு முழுக் கிரகத்துக்கு எப்படி ஒரே பேச்சு?

பண்பாட்டு ஆழம் என்பது எதிலிருந்து வருகிறது? தனி மொழி, தனிக் கடவுள், கல்யாணச் சடங்கு, சாப்பாட்டு வகை என்று எழுதி அடுக்கினால் வந்துவிடுமா? ஐம்பது பக்கம் விளக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். எழுதுபவர்களும் நிறைய வாசிப்பவர்களும் சொல்லுங்கள்.

குடமுருட்டி (திருவையாறு):

தம்பி, நீங்கள் குறை சொல்லும் வெளிநாட்டுத் தொடர்களில் ஒன்றான ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்வரிசையிலேயே நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அதில் வரும் கிளிங்கான் என்ற போர்வீரர் இனம் 1967இல் முதலில் வந்தபோது பனிப்போர் காலத்து எதிரிக்கு மாட்டிய முகமூடி, அவ்வளவுதான். பிறகு மானம், வாள், போர்ப்பாட்டு எல்லாம் சேர்ந்தது. மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் அவர்களுக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியை உருவாக்கி 1985இல் அகராதியே வெளியிட்டார். அபாரமான உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் மொழி வந்த பிறகும் அவர்கள் போர்வெறி பிடித்த இனமாகவேதான் இருந்தார்கள், அந்த வெறியைச் சொந்த மொழியில் கத்தினார்கள்.

ஆழம் வந்த இடமாக நான் நினைப்பது வேறு. 2003இல் அதே வரிசையின் எண்டர்பிரைஸ் தொடரில் ஒரு நீதிமன்ற அத்தியாயம் வந்தது. அதில் வயதான ஒரு கிளிங்கான் வழக்கறிஞர், தன் அப்பா ஆசிரியர், அம்மா உயிரியல் அறிஞர் என்று சொல்கிறார். எங்கள் சமூகத்தில் போர்வீரர் என்பது ஒரு வகுப்புதான், இப்போதுதான் அவர்கள் கை ஓங்கி, பிள்ளைகள் எல்லாரும் ஆயுதம் தூக்கினால்தான் மரியாதை என்று நினைக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறார். சின்னக் காட்சி. அதைப் பார்த்த பிறகு, முப்பத்தாறு வருடமாக 'அந்த இனத்தின் குணம்' என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது ஒரு வகுப்பு மற்றவர்களை அமுக்கி மேலே வந்த வரலாறாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் ஊறியது என்று நினைத்தது அரசியலாகிவிடுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் அது.

அதே ஸ்டார் ட்ரெக்கில் வரும் ஃபெரங்கி என்ற வியாபாரி இனத்தின் கதை இன்னும் நல்ல உதாரணம். 1987இல் வந்தபோது லாபவெறி பிடித்த குள்ளர்கள், பார்க்கவே சங்கடம். அதே இனத்தை அந்த வரிசையில் பின்னால் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடர் எடுத்துக்கொண்டது. லாப ஆசையை அது நீக்கவே இல்லை. அந்த ஆசையை அளவுகோலாக வைத்திருக்கும் சமூகத்தில் யார் ஜெயிக்கிறார்கள், யார் தோற்கிறார்கள், யாருக்கு விளையாடவே அனுமதி இல்லை என்று கேட்டது. நாக் என்ற பையன் விண்படையில் சேரக் கெஞ்சுகிறான், ஏனென்றால் அவன் அப்பா ராம் பெரிய தொழில்நுட்பத் திறமை இருந்தும் வியாபாரம் வராததால் வாழ்நாள் முழுக்க அவமானப்பட்டவர், தானும் அப்படி ஆகக்கூடாது என்பதுதான் அவன் பயம். பெண்கள் பணம் சம்பாதிக்கக் கூடாத சமூகத்தில் ராமின் அம்மா ரகசியமாகச் சம்பாதிக்கிறார். 1996இல் வந்த ஒரு அத்தியாயத்தில் ராம் சொந்த அண்ணனின் மதுக்கடையிலேயே தொழிற்சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்கிறார். அந்த அண்ணன் குவார்க்கும் வெறும் கஞ்சன் கிடையாது, உங்கள் மனித வரலாற்றில் இருக்கும் அடிமை வியாபாரமும் வதை முகாமும் எங்கள் வரலாற்றில் கிடையாது என்று மனிதத் தளபதியின் முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள்.

அதனால் ஊவருக்கு ஞானம்தான் பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஞானம் வராத ஊவன் ஒருவனைக் கொண்டுவாருங்கள். அவன் வீட்டில் அவனை என்ன சொல்லித் திட்டுகிறார்கள், எந்த ஊவனோடு ஒப்பிட்டுத் திட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். ஐம்பது பக்க விளக்கத்தில் வராதது அந்த ஒரு திட்டில் வந்துவிடும்.

கடைமடைக்காரி (தலைஞாயிறு):

நான் கதை எழுதுபவள் இல்லை, வாசகி. ஆனால் கதையில் அணை, ஆறு, மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்றதும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு டெல்டா விவசாயி என்றால் ஒரே ஆள்தான். பச்சை வயல், வெற்றிலை, கொஞ்சம் குசும்பு, தண்ணீருக்காக அடுத்த மாநிலத்தோடு போராட்டம். எங்களுக்குள்ளே அப்படி ஓர் ஆளே கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடைக்காரர் வேறு, கடைசியில் வந்து சேரும் கடைமடைக்காரர் வேறு. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் பூத்தூவும் படம் மறுநாள் பேப்பரில் வந்துவிடும், கல்லணையிலும் திறப்பார்கள், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, அதற்கப்புறம் ஆறு பிரியும் ஒவ்வொரு தலைப்பிலும் பிரிந்து பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது சில வருடம் கால் நனையும், சில வருடம் அதுவும் இல்லை. அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்து ஊற்றும்போது மேலே யாருக்கும் வேண்டாத தண்ணீர் எல்லாம் எங்கள் வயலில்தான் வந்து தேங்கும். ஒரே ஆறு, ஒரே பயிர், ஒரே சாமி, ஆனால் எங்களுக்கு அந்த ஆறு வேறு ஆறு.

இதிலிருந்து பழக்கவழக்கமே மாறுகிறது, கவனியுங்கள். தண்ணீர் நிச்சயமாக வரும் இடத்தில் நாற்று விட்டு நடவு நடுவார்கள். எங்கள் பக்கம் வருமா வராதா என்று தெரியாததால் பலர் புழுதியிலேயே நேரடியாக விதைத்துவிடுகிறோம். நடவு இல்லாவிட்டால் நடவுக்கு வரும் பெண்கள் கூட்டம் இல்லை, அந்தக் கூட்டத்தின் பாட்டும் பேச்சும் இல்லை, அவர்களுக்கு அந்தக் கூலியும் இல்லை. தண்ணீர் வரும் தேதி தள்ளிப்போவதிலிருந்து ஒரு பாட்டு காணாமல் போவது வரை நேராக ஒரு கோடு போகிறது. எனக்குத் தெரிந்து பண்பாடு என்பது அந்தக் கோடுதான். நீங்கள் கேட்டீர்களே, கடவுள், சடங்கு, சாப்பாடு என்று எழுதி அடுக்கினால் போதுமா என்று, கோடு இல்லாமல் அடுக்கினால் அது கண்காட்சிச் சாமான்.

ஆடிப் பதினெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தண்ணீருக்காக வந்த விழா. படித்துறையில் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துக் கும்பிடுவோம், பிள்ளைகள் சப்பரம் இழுக்கும். ஆற்றில் தண்ணீரே வராத வருடங்களில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பம்புசெட்டுக்கும் அடிபம்புக்கும் முன்னால் அதே படையலை வைத்தார்கள். காரணம் வற்றிப்போன பிறகும் சடங்கு நின்றுவிடவில்லை, இடம் மாறிக்கொண்டது. உங்கள் ஊவருக்கும் வெள்ளத்தை வரவேற்கும் ஒரு விழா கண்டிப்பாக இருக்கும். அணை வந்த பிறகு அந்த வெள்ளம் தானாக வருவதில்லை, மேட்டார் திறந்துவிட்டால்தான் வருகிறது. அப்படியானால் அந்த விழாவில் இப்போது யாரைக் கும்பிடுகிறார்கள்? ஆற்றையா, அணையையா? கிழவிகளும் இளசுகளும் அதில் ஒத்துப்போவார்களா? எனக்கு உங்கள் கதையில் அந்தச் சண்டையைப் படிக்க வேண்டும்.

மேட்டாரைப் பேராசைக்காரர்களாக ஆக்கவே வேண்டாம். தலைமடைக்காரர் யாரும் எங்களைக் கெடுக்க வேண்டும் என்று மடையைத் திறந்து வைப்பதில்லை. அவர் வயல் காய்ந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு, எங்கள் வயல் அவர் கண்ணுக்கே தெரியாது. வில்லனைவிட அது பயங்கரமாக இருக்கிறது. தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டு விடும் முறைப்பாசன வருடங்களில், நம் முறை முடிந்தும் ராத்திரி வேலி மறைவில் மடையைக் கொஞ்சம் விட்டுவைக்கிறவர் கெட்டவரா என்று கேட்டால் எனக்கே பதில் சொல்ல வராது.

அரிசிலாறு (கும்பகோணம்):

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அறிவியல் புனைவுகளை விரும்பிப் படிப்பேன்.

மேலே அம்மா சொன்ன அந்தக் கோட்டை நம் இலக்கணம் வெகுகாலத்துக்கு முன்பே போட்டுவிட்டது. முதற்பொருள் என்று நிலமும் பொழுதும், கருப்பொருள் என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, யாழ், தொழில், அதற்குப் பிறகு உரிப்பொருள் என்று அந்த நிலத்து உணர்வு. வேற்றுக்கிரகம் படைக்க உட்காரும் தமிழ் எழுத்தாளன் கையில் இது இருக்கும்போது வேறு எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் இதிலேயே ஆபத்தும் உண்டு. மருதம் என்றால் ஊடல், பாலை என்றால் பிரிவு என்று மனப்பாடமாக எடுத்துக்கொண்டால் அதுவே ஒரு நிலம் ஒரு குணம் என்ற அச்சாகிவிடும். அதனால்தான் தொல்காப்பியமே திணை மயங்கலாம், அதற்குத் தடை இல்லை என்று இடம் கொடுத்தது. மருத நிலத்திலும் பிரிவு உண்டு, நெய்தலிலும் கூடல் உண்டு.

ஒரு விஷயத்தில் மற்றவர்களோடு மாறுபடுகிறேன். வகைமாதிரி என்றாலே ஆழமின்மை என்று இங்கே பேசப்படுகிறது. அகப்பாடல்களில் யாருக்கும் பெயர் கிடையாது, தலைவன், தலைவி, தோழி, செவிலி, பரத்தை, எல்லாரும் வகைமாதிரிகள்தான், பெயர் சொல்லக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தப் பாடல்களைவிட ஆழமாக எதைச் சொல்வீர்கள்? அங்கே ஆழம் தருவது அந்த நேரத்தின் நுட்பம். எந்தப் பொழுது, வாசலில் நிற்பது யார், கதவைத் திறப்பதற்கு முன் தோழி என்ன நினைத்தாள். வகை தெரிந்த ஆளை ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறுத்துகிறார்கள். குறுநாவலில் எல்லா ஊவருக்கும் வம்ச வரலாறு எழுத இடம் இருக்காது, நான்கைந்து வகைமாதிரிகளை வைத்தே சரியான கணங்களில் நிறுத்தினால் போதும்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய நாவலில் ஒரு பனிக்கிரகம் வரும். அவர் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானிடவியலாளர், அந்த வீட்டில் வளர்ந்தது எழுத்தில் தெரியும். அக்கிரகத்து மக்கள் மாதத்தில் பெரும்பகுதி ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, சில நாட்கள் மட்டும் ஏதாவதொரு பாலாக மாறுவார்கள், இன்னாராகத்தான் மாறுவார் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆண்டுக் கணக்கில் நடப்பு ஆண்டு எப்போதும் முதலாம் ஆண்டுதான், மற்றவை அதற்கு முன், அதற்குப் பின் என்று எண்ணுவார்கள். எல்லாருக்கும் ஒரே பனி, ஒரே உடல். அப்படியிருந்தும் அங்கே இரண்டு நாடுகள், ஒன்று அரசன் ஆளும் நாடு, இன்னொன்று அதிகாரிகள் ஆளும் நாடு, இரண்டு சமயங்கள், ஒன்றைப் பற்றி மற்றது கொண்டிருக்கும் இளக்காரம். ஒரே முதற்பொருளிலிருந்து இரண்டு வாழ்க்கை முளைக்கிறது. வெண்ணாறு தம்பி கவனிக்க வேண்டியது அதைத்தான்.

திருமலைராஜன் ஆறு (காரைக்கால் பக்கம்):

எல்லாரும் மனிதப் பண்பாட்டையே பேசுகிறீர்களே. தலைமடை கடைமடை, ஆடிப்பெருக்கு, தொழிற்சங்கம் என்றால் அது மனிதக் கதைதானே, வேற்றுக்கிரகம் எதற்கு? போலந்து எழுத்தாளர் லெம் 1961இல் எழுதிய சோலாரிஸ் நாவலில் ஒரு கடல் முழுக்க ஒரே உயிர், மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து நூலகம் நிறைய எழுதி வைத்தும் அது என்ன நினைக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதுதான் வேற்று உயிர் என்பேன்.

குடமுருட்டி (திருவையாறு):

சோலாரிஸ் பெரிய படைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மனிதனுக்குப் புரியாமையைப் பற்றிய கதை. தம்பியின் கதை ஊவரின் வளைக்கு உள்ளேயிருந்து சொல்லப்படுகிறது, உள்ளே இருப்பவனுக்குத் தன் வாழ்க்கை புரியாத மர்மமாக இருக்காது. ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஊவரின் உடம்பு நம் உடம்பு இல்லை. ஆறு மாதம் கூட்டம், ஆறு மாதம் தனிமை. கூட்டத்தில் இருக்கும்போது கொடுத்த வாக்கு தனியாக இருக்கும்போது செல்லுமா? வளைக்குள் தனியாக யோசித்து எடுத்த முடிவை வெள்ளம் வந்ததும் கூட்டத்தில் சொல்வது அவர்களுக்கு நாகரிகமா, அசிங்கமா? இந்தக் கேள்வி மனிதனுக்கு வராது, ஊவருக்கு மட்டும்தான் வரும்.

அரைப்படி (கீழ்வேளூர்):

யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒற்றைக் குணமுள்ள இனம் வானத்திலிருந்து விழுவதில்லை, ஏற்கெனவே யாரையோ பற்றிப் புழங்கும் இழிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் தந்திரக்கார வணிகர் இனம் ஆசியர் பேசும் சாயலில் பேசியது, பெரிய மூக்குள்ள பேராசைக்காரன் ஒருவன் வந்தான், தடுமாறி விழுந்து சிரிக்க வைக்கும் ஜார் ஜார் பிங்க்ஸ் பேச்சில் கரீபியக் கறுப்பினத்தவரைக் கேலி செய்வதாகப் பலரும் கொதித்தார்கள். படம் எடுத்தவர்கள் அப்படி எந்த எண்ணமும் இல்லை என்றார்கள். எண்ணம் இல்லாமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் என் பயம். ஆங்கில எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ் இதற்கு நேர் எதிராகச் செய்தார், 1898இல் செவ்வாய்க்கிரகத்தார் படையெடுப்பைப் பற்றி எழுதியபோது முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததை நினைவுபடுத்தி, நாம் செய்யாததையா இவர்கள் செய்கிறார்கள் என்று தன் வாசகர்களையே கேட்டார்.

தமிழில் எழுதும்போது நம் கைக்குத் தானாக வரும் இழிவுகள் சாதியிலிருந்து வரும். அழுக்கான இனம், கண்டதைத் தின்னும் இனம், அறிவு குறைவு ஆனால் விசுவாசம் அதிகம் உள்ள வேலைக்கார இனம். பச்சைத் தோலும் மூன்று கண்ணும் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம், எங்களுக்குத் தெரியும்.

பாராட்டுகிற அச்சும் அச்சுதான். 'அமைதியான, இயற்கையோடு ஒன்றிய, ஞானமுள்ள மண்ணின் மக்கள்' என்று டெல்டாவைப் பற்றியும் எழுதுகிறார்கள். பண்ணை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே வயலில் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்ததற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை, பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பச்சையைப் பார்த்துவிட்டு எழுதும் ஒருவரின் கதையில் இது வராது.

வெண்ணாறு, உங்களைக் குறை சொல்லவில்லை, கேட்கிறேன். ஊவரின் கால்வாய்களில் வண்டல் சேருமே, அதை அள்ளுவது யார்? கோடைக்கு எல்லாரும் வளைக்குள் போய்விட்டால் வெளியே நின்று வெயிலில் காவல் காப்பது யார்? அந்த வேலை யாருக்கு, எப்போதிலிருந்து, யார் சொல்லி? ஆழமான வளை யாருக்குக் கிடைக்கிறது, வெயில் இறங்கும் மேலோட்டமான வளை யாருக்கு? இதற்குப் பதில் எழுதினால் உங்கள் ஊவர் ஒருவருக்கொருவர் கோபப்பட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஞானம் யாரிடம் இருக்கிறது என்று வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும்.

வெண்ணாறு (நீடாமங்கலம்):

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அரைப்படி தோழர் கேட்ட காவல் கேள்வியை இரண்டு நாளாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். கோடையில் வளைக்கு வெளியே நிற்கும் ஊவர் ஒரு தனிப் பிரிவு என்று வைத்துப் பார்த்தேன். அவர்கள் கோடையைக் கண்ணால் பார்த்தவர்கள், நட்சத்திரம் பார்த்தவர்கள், மேட்டாரோடு பேசியவர்கள். மற்றவர்கள் தூங்கும்போது அணைக்காரர்களோடு நேராகப் பேசுகிற ஒரே கூட்டம், ஆனால் வெள்ளம் வந்து எல்லாரும் கூடி முடிவெடுக்கும்போது அவர்களுக்கு அங்கே குரல் இல்லை, தோல் காய்ந்தவர்கள் என்று ஓரமாக நீந்தச் சொல்கிறார்கள். இதை எழுத ஆரம்பித்ததும் மேட்டாரும் மாறிவிட்டார்கள், அணைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் மேட்டார் ஒருத்திக்கும் ஒரு காவல்காரனுக்கும் பழக்கம் இருக்கிறது, இரண்டு பேருக்குமே தங்கள் ஆட்கள் மேல் கோபம்.

கடைமடை அக்கா சொன்ன விழாச் சண்டையையும் இதற்குள் கொண்டுவரலாம், அணையைக் கும்பிட ஆரம்பித்தது காவல்காரப் பிரிவுதான் என்று.

இன்னொரு சந்தேகம். இவர்களை எந்தத் தமிழில் பேசவிடுவது? எழுத்துத் தமிழில் பேசினால் எல்லாரும் மறுபடி ஞானிகள் மாதிரி இருக்கிறது. காவல்காரனை மட்டும் நம் ஊர்ப் பேச்சில் பேசவிட்டேன், உயிர் வந்துவிட்டது.

கடைமடைக்காரி (தலைஞாயிறு):

காவல்காரனை மட்டும் ஊர்ப் பேச்சில் பேசவிடாதீர்கள். பெரியவருக்கு எழுத்துத் தமிழ், வேலை செய்கிறவனுக்கு வட்டார வழக்கு என்று எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம், டப்பிங் படங்களில் சிரிப்புக்கு வரும் ஜந்துவுக்கு உடனே ஒரு வட்டாரப் பேச்சைக் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் வீட்டுக்குள் ஒரு மாதிரி, சபையில் ஒரு மாதிரிதான் பேசுவார்கள், ஞானியும் பசித்தால் பேச்சை இறக்குவார். அதனால் வளைக்குள் எல்லாருக்கும் பேச்சுத் தமிழ், வெள்ளக் கூட்டத்தில் எல்லாருக்கும் சபைத் தமிழ் என்று வைத்துப் பாருங்கள். காவல்காரனுக்கும் சபைத் தமிழ் நன்றாக வரும், அவனைப் பேசவிடுவதில்லை, அவ்வளவுதான். மேட்டார்ப் பெண்ணிடம் மட்டும் அவன் அதில் பேசட்டும்.

முழுசும் முடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம், அந்த அணைக்கரைக் காட்சியை மட்டும் முதலில் இங்கே போடுங்கள். அரைப்படி தோழரும் படித்துப் பார்த்துச் சொல்லட்டும்.